நிப்பு உடைந்த நாளிலிருந்து

நீதிபதி சந்தானகிருஷ்ணன், மில் கூலி சுடலைக்கண்ணுவைச் சாகும்வரை தூக்கில் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாவை எழுதிய பேனா இனி வேறெதையும் எழுதக் கூடாது என்று சட்டத்தின் எந்த மூலையிலும் இல்லாத, ஆனால் எல்லா நீதிபதிகளும் பயபக்தியோடு செய்துவருகிற வழக்கப்படி, அதற்கென்றே தலைமை எழுத்தர் நல்லபெருமாளை விட்டு வாங்கிவரச் சொல்லியிருந்த மைப்பேனாவின் நிப்பை மேஜையில் குத்தி உடைத்தாரே, அந்த நொடியிலிருந்து ஆவரங்கோட்டையில் எந்தப் பேனாவும் எழுதவில்லை. பேனா மட்டுமா? பென்சில் எழுதவில்லை, சாக்பீஸ் எழுதவில்லை, கைநாட்டு வைக்கிறவர்களின் பெருவிரல் மை காகிதத்தில் ஒட்டவில்லை, பிரிண்டரில் விட்ட தாள் வெள்ளையாக உள்ளே போய் வெள்ளையாகவே வெளியே வந்தது. ஏன் என்று கேட்டவர்கள் உண்டு. பதில் கிடைத்தவர்கள் கிடையாது.

முதலில் கண்டுபிடித்தது தெய்வானை வக்கீல்தான். சுடலைக்கண்ணுவுக்காகச் சர்க்கார் நியமித்த வக்கீல் அவள். தீர்ப்பைக் கேட்ட கையோடு, கேஸ் கட்டின் மேல்தாளில் ‘அப்பீல்’ என்று கொட்டை எழுத்தில் எழுதப் போனாள், கோடுகூட விழவில்லை. உதறினாள், உள்ளங்கையில் தேய்த்தாள், வாயால் ஊதினாள், நாலு வசவு வைதாள், எதிர்த்தரப்பு வக்கீலின் பேனாவைக் கேட்காமலே பிடுங்கிப் பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை.

“மழக்காலம்லா, மை உறைஞ்சிருக்கும்” என்றார் நல்லபெருமாள்.

“பால்பாயிண்டுல என்னவே மை உறையுது? உம்ம மூளைதான் உறைஞ்சு கெடக்கு” என்று எரிந்து விழுந்தாள் தெய்வானை. ஆனால் நல்லபெருமாளின் சட்டைப்பையில் இருந்த பேனாவும் எழுதவில்லை, கோர்ட் வாசலில் மனு எழுதிப் பிழைக்கிறவரின் பேனாவும் எழுதவில்லை, பொழுது சாய்வதற்குள் ஊரிலிருந்த பேனாக்கடைக்காரரைப் பத்துப் பேர் சட்டையைப் பிடித்து உலுக்கி முடித்திருந்தார்கள்.

அந்த வழக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் தெய்வானையின் எரிச்சல் உங்களுக்குப் புரியாது. அரிசி மில் முதலாளியை யாரோ மில் வாசலில் வெட்டிப் போட்டார்கள். முந்தின நாள் முதலாளியோடு வாய்த்தகராறு பண்ணியவன் சுடலைக்கண்ணு. அவன் அரிவாளோடு ஓடினதைத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன் என்று மில் வாச்மேன் அய்யாப்பழம் சாட்சி சொன்னார். அவ்வளவுதான் கேஸ். கொலை நடந்த ராத்திரி அந்தத் தெருவிலேயே கரண்டு இல்லை என்று மின்வாரிய லைன்மேன் கூண்டிலேறிச் சத்தியம் பண்ணிச் சொன்னதை நீதிபதி கேட்டார், தலையாட்டினார், ‘இருட்டிலும் பழகிய முகம் தெரியும்’ என்று தீர்ப்பில் ஒரே வரியில் எழுதித் தள்ளிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வரியை மதுரை ஹைகோர்ட்டில் கொண்டுபோய் வைத்தால் போதும், தீர்ப்பு பொலபொலவென்று உதிர்ந்துவிடும் என்று தெய்வானைக்குத் தெரியும். கொண்டுபோய் வைக்கத்தான் வழியில்லை.

ஊரோ, முதல் வாரம் பதறியது, அடுத்த வாரம் பழகியது, அதற்கடுத்த வாரம் ஊருக்கு அது பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் ஒழிந்தது. டாக்டர் மருந்தை வாயால் சொல்லி அனுப்ப, மருந்துக்கடைக்காரர் தொழிலுக்கு வந்த நாளாக முதல்முறையாக, என்ன எழுதியிருக்கும் என்று யூகிக்காமல் மாத்திரை கொடுத்தார். ஜாதகம் குறிக்க முடியாததால் தோஷம் சொல்லித் தட்டிப்போன பெண்களுக்கெல்லாம் மாப்பிள்ளை அமைந்தது, பத்திரிகை அடிக்க முடியாததால் மாப்பிள்ளையின் மாமன்மார் தெருத்தெருவாகக் கூவிக் கல்யாணத்துக்கு அழைத்தார்கள், பத்திரிகையில் என் பெயரைப் போடவில்லையே என்று அந்த வருஷம் ஒரு பெரியப்பாகூட முறுக்கிக்கொள்ளவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் புகாரை எழுத முடியாமல், அடித்தவனையும் அடிபட்டவனையும் எதிரெதிரே உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பேசித் தொலையுங்கள் என்றார்கள். அவர்களும் பேசித் தொலைத்தார்கள். கோலம் மட்டும் எப்போதும்போல் விழுந்தது, அது எழுத்தில்லை என்று யாரோ எங்கோ முடிவு பண்ணியிருக்க வேண்டும்.

ஊரெல்லையில் ஓடைப்பாலத்தைத் தாண்டினால் பேனா எழுதத்தான் செய்தது. ஆனால் தாண்டி எழுதிய காகிதம், திரும்பப் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் துவைத்த வேட்டி மாதிரி வெளுத்துவிடும். தெய்வானை பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து அப்பீலை முழுசாக எழுதி முடித்துவிட்டாள். அதோடு சேர்த்துக் கொடுக்கத் தீர்ப்பின் நகல் வேண்டுமே.

“நகலெடுக்கத்தானவே ஒரு செக்‌ஷனே வச்சிருக்கீரு. தீர்ப்பைத் தூக்கிட்டு எங்கூடப் பாலத்துக்கு வாரும், அங்க உக்காந்து எழுதிக் கையெழுத்துப் போடும்.”

“கோர்ட் ரெக்கார்டைக் கோர்ட்டை விட்டு வெளிய கொண்டுபோக ரூல் இல்லம்மா” என்றார் நல்லபெருமாள். “ஐயா எழுத்துல உத்தரவு போட்டா நான் இப்பவே வாரேன்.”

“எழுத்துல எப்படிவே போடுவாரு?”

“அதான் நானும் சொல்லுதேன்.”

மதுரைக்குப் போனாள். ஹைகோர்ட் அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு மனிதர் அப்பீலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நகல் எங்கே என்றார். மரண தண்டனைக் கேஸை ஹைகோர்ட் உறுதிப்படுத்துவதற்குக் கீழ்க்கோர்ட் தானாகவே அனுப்பியிருக்க வேண்டுமே, அது எங்கே என்றார். முகப்புக் கடிதம் எழுத முடியாததால் அனுப்பவில்லை என்று அவள் சொன்னதும், சிரிக்காமல், திட்டாமல், “அப்போ எங்ககிட்ட இப்படி ஒரு கேஸே இல்லைம்மா. இல்லாத கேஸ்ல அப்பீலை எங்க சேக்கிறது?” என்றார். பஸ்ஸில் திரும்பும்போது தெய்வானை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்காரி தள்ளி உட்காரும்படியாக, ஊரை, கோர்ட்டை, தன்னை, தான் படித்த படிப்பை எல்லாம் சேர்த்துவைத்து வைதுகொண்டே வந்தாள்.

இதைவிட அவளுக்கு ஆத்திரமூட்டியது ஊர் பேசிய பேச்சு. பேனா செத்துத்தான் சுடலைக்கண்ணு உயிர் பிழைத்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. தூக்குக்கான உத்தரவை எழுத முடியாது, எழுத முடியாவிட்டால் தொங்கவிட முடியாது, பிறகென்ன, அவன் பாட்டுக்கு ஜெயிலில் சோறு தின்றுகொண்டு இருக்கட்டும். கடவுள் கண் திறந்துவிட்டார் என்று சிலர் கோர்ட் வாசலில் தேங்காய் உடைத்தார்கள். தெய்வானையைக் கண்டால் “என்ன வக்கீலம்மா, கேஸ்ல ஜெயிச்சிட்டீங்களே!” என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார்கள். அவள் பதிலுக்கு ஏதாவது சொன்னால், அதையும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

சுடலைக்கண்ணுவின் பெண்சாதி மாடத்தியும் அந்தக் கட்சிதான். “அக்கா, நீ நல்லது நெனச்சுத்தான் அலையுத, எனக்குத் தெரியும். ஆனா எழுத்து திரும்பி வந்தா கயிறும் சேந்துல்லா வரும்? இப்படியே இருந்துட்டுப் போட்டுமே. திங்கக்கெழமை திங்கக்கெழமை போயி மொகத்தயாவது பாக்கேன்.”

“அவன் செய்யாத கொலைக்கு உள்ள கெடக்கான் மாடத்தி!”

“உசுரோட கெடக்கான்லா” என்றாள் மாடத்தி.

சுடலைக்கண்ணு மட்டும் வேறு மாதிரி பேசினான். உள்ளூர் ஜெயிலில் தூக்குக் கைதிகளுக்கான தனி அறையில் அவன் ஒருத்தன்தான். பூட்டுகிற சத்தமும் திறக்கிற சத்தமும் தவிர வேறு சத்தமில்லாத இடம். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன தோள்கள் இளகிச் சரிந்துவிட்டன. “வக்கீலம்மா,” என்றான் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, “ஒவ்வொரு நாளும் விடியக்காலம் பூட்டு சத்தம் கேக்கும்போது, இன்னைக்குப் பேனா எழுதிருச்சோன்னு எந்திரிச்சு நின்னுருதேன். ஒண்ணு என்னயக் கொல்லச் சொல்லுங்க, இல்ல விடச் சொல்லுங்க. இப்படி நடுவுல தொங்கவிட்டிருக்காவளே, இதுவும் தூக்குதான?”

அன்றைக்கு ஜெயில் வாசலில் நின்று தெய்வானை அழுதாள். அழுகை வந்ததற்காக இன்னும் கோபப்பட்டாள்.

பங்குனி வெயில் ஏறியபோது பழைய எழுத்தும் வெளுக்க ஆரம்பித்தது. பத்திரங்கள் வெளுத்தன, சட்டப் புத்தகங்கள் வெளுத்தன, நீதிமன்றப் பீரோவில் கட்டுக்கட்டாக இருந்த வாக்குமூலங்களெல்லாம் வெறுந்தாளாயின. செய்தித்தாள் பாலத்தைத் தாண்டியதும் வெள்ளையாகிவிடுவதால் டீக்கடையில் வாசிக்க ஒன்றுமில்லாமல் தவித்த ஊரார், ஆளுக்கொரு கதை சொல்ல ஆரம்பித்தார்கள், அதில் எல்லோருக்கும் ரொம்பப் பிடித்தது வாச்மேன் அய்யாப்பழம் சொல்லும் கொலைக் கதை. தினமும் காலையில் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து, கையில் டீயைக் கொடுத்து, “முதல்லேருந்து சொல்லும்” என்பார்கள்.

தெய்வானை முதலில் அந்தப் பக்கமே போகவில்லை, போனால் கொதிக்கிற டீயை எடுத்து அவர் மேல் ஊற்றிவிடுவோம் என்று பயந்தாள். ஒருநாள் போனாள். கேட்டாள். அடுத்த நாளும் போனாள். கோர்ட்டில் குறுக்கு விசாரணை ஒரே ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது. அங்கே அய்யாப்பழம் எதைக் கேட்டாலும் ‘போலீசில் சொன்னபடிதான்’ என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார், போலீசில் சொன்னதோ எழுதிக் கையெழுத்தாகிக் கட்டுக்குள் பத்திரமாக இருந்தது. இங்கே கட்டு இல்லை. பொய் காகிதத்தில் இருக்கிறவரைக்கும் அதைக் காகிதம் சுமந்தது, இப்போது தினமும் விடிந்ததும் அய்யாப்பழமே சுமக்க வேண்டியிருந்தது.

“சட்ட என்ன நெறம்?” என்று கேட்பாள் தெய்வானை.

“நீலம்.”

“நேத்து பச்சைன்னீரே அண்ணாச்சி” என்பான் பெஞ்சுக் கோடியில் இருப்பவன். எழுத்தில்லாத ஊரில் எல்லோருக்கும் ஞாபகசக்தி வெறிபிடித்து வளர்ந்திருந்தது.

“அரிவாள எந்தக் கையில பிடிச்சிருந்தான்?” “சோத்துக்கையில.” “திங்கக்கெழமை பீச்சாங்கைன்னீரே!” அய்யாப்பழம் மெலிந்தார். டீயை வாங்காமல் நழுவப் பார்த்தார், விடவில்லை. வேறு தெரு வழியாகப் போனார், அந்தத் தெருவிலும் டீக்கடை இருந்தது. கடைசியில் ஒருநாள், கதையில் விளக்கு வெளிச்சம் வருகிற இடத்தில் வந்து நின்றவர், வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார், பிறகு பெஞ்சில் இருந்தபடியே மாரில் அடித்துக்கொண்டு அழுதார்.

“நான் பாக்கல. ஒண்ணையும் பாக்கல. நான் அங்க இல்லவே இல்ல. வேலை நேரத்துல சினிமாவுக்குப் போயிருந்தேன். வேலை போயிருமேன்னு பயந்து நின்னேன், இன்ஸ்பெக்டர் எழுதிட்டு வந்து நீட்டுனாரு, கையெழுத்துப் போட்டேன். ஒருக்கா போட்டா முடிஞ்சிரும்னாங்க. தெனமும் சொல்லணும்னு யாரும் சொல்லலயே!”

தெய்வானை பழக்கதோஷத்தில் கைப்பையைத் திறந்து பேனாவைத் தேடினாள். அட நாசமாய்ப் போக! இத்தனை வருஷத் தொழிலில் ஒரு சாட்சி தானாக உண்மையைச் சொல்கிறான், அதை எழுதிக்கொள்ள ஒரு பேனா இல்லை. அய்யாப்பழத்தை அப்படியே பஸ்ஸில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனாள். கண்ணாடிக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இல்லாத கேஸ்ல இவர் எப்படிம்மா சாட்சி?” என்றார்.

ஊர் திரும்பியவள் வீட்டுக்குப் போகவில்லை, நேரே நீதிபதியின் பங்களாவுக்குப் போனாள். அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எழுத வேண்டிய தீர்ப்புகள் இல்லாமல் ஆள் சதை போட்டிருந்தார்.

“அய்யாப்பழம் சொன்னதை நானும் கேள்விப்பட்டேன்” என்றார். “வருத்தமாத்தான் இருக்கு. ஆனா கையெழுத்துப் போட்ட தீர்ப்பை, போட்ட நீதிபதியே மாத்த முடியாது. சட்டம் உங்களுக்கும் தெரியும்.”

“எந்தக் கையெழுத்து?” என்றாள் தெய்வானை.

அவர் பூவாளியைக் கீழே வைத்தார்.

“எடுத்துக் காட்டுங்க ஐயா. வெள்ளைத்தாள்தான கெடக்கு? கையெழுத்தில்லாத தீர்ப்பு தீர்ப்பே இல்ல. இந்தக் கேஸ்ல நீங்க இன்னும் தீர்ப்பே சொல்லல. அப்போ நீங்கதான் வந்து சொல்லணும், காகிதம் இல்லாததால வாயால சொல்லணும், கைதியக் கோர்ட்டுக்குக் கூட்டிவர எழுத்துல உத்தரவு கேப்பாங்க, அது முடியாது, அதனால நீங்கதான் ஜெயிலுக்கு வரணும்.”

நீதிபதி ஈரக்கையை வேட்டியில் துடைத்தார். “யோசிச்சுத்தான் பேசறீங்களா? நான் வந்து மறுபடியும் தூக்குன்னு சொல்லிட்டேன்னா? இந்த ஊர்ல இப்போ வாய் வார்த்தைதான் உத்தரவு. ஹைகோர்ட்டுக்கும் போகாது, கருணை மனுவும் போகாது. மறுநாளே முடிச்சிடுவாங்க.”

“தெரியும்.”

“இப்படியே விட்டுட்டா நானும் அவனைக் கொல்லலை, நீங்களும் தோக்கலை. யாருக்கும் நஷ்டமில்லையே.”

“ஐயா, அவனுக்கு?” என்று தெய்வானை கத்திய கத்தலில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. நீதிபதி வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார், என்ன சொல்லப்போகிறார் என்று சொல்லவில்லை.

விஷயம் தெரிந்து மாடத்தி வந்து தெய்வானையின் சேலையைக் கொத்தாகப் பிடித்தாள். “எம்புருசன வச்சுச் சூதாடுதியா நீ? அந்தாளு ஒருக்கா தூக்குன்னவருதான? ரெண்டாவது சொல்ல அவருக்கு நாக்கு கூசுமா? உனக்குக் கேஸுதான் பெருசாப் போச்சு!”

“ஆமா, சூதுதான். அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் ஆடுதேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு மாடத்தி” என்றாள் தெய்வானை. மாடத்தி சேலையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆவரங்கோட்டை முழுக்க ஜெயில் வாசலில் நின்றது. கம்பிக்கதவுக்கு உள்ளே முற்றத்தில் சுடலைக்கண்ணுவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நீதிபதி கறுப்பு அங்கி போட்டு வந்திருந்தார். ஜெயில் சூப்பரிண்டெண்ட் பக்கத்தில் விறைப்பாக நின்றார். அய்யோ, அவசரப்பட்டுவிட்டோமா, மாடத்தி சொன்னதுதான் சரியா, இந்த மனுஷன் இப்போது அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டால் நான் எந்த முகத்தோடு வெளியே போவேன் என்று தெய்வானை தனக்குள் தன்னையே வைதுகொண்டாள்.

நீதிபதி தொண்டையைச் செருமினார். “இந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட...” என்று ஆரம்பித்தார். நின்றார். தாளைப் பார்த்துப் படித்த காலத்தில் அந்த இடத்தில் பெயர் தானாக வந்து நின்றிருக்கும். இப்போது வரவில்லை. மறுபடி செருமினார். எதிரில் நின்றவனை ஏறிட்டுப் பார்த்தார்.

“உன் பேரு என்னப்பா?”

வாசலில் நின்ற கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. தெய்வானை பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“சுடலைக்கண்ணுங்கய்யா.”

“சுடலைக்கண்ணு” என்று அவர் சொல்லிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “நீதான் செஞ்சியா?”

“இல்லய்யா. அன்னைக்கே சொன்னேன். நீங்க குனிஞ்சு எழுதிட்டு இருந்திய.”

நீதிபதியின் வாய் கோணியது. அந்த வார்த்தையைச் சொல்ல முயன்றாரா, வேறெதையாவது சொல்ல முயன்றாரா, யாருக்கும் தெரியாது. கடைசியில் வெளியே வந்தது இதுதான்: “சுடலைக்கண்ணு, நீ வீட்டுக்குப் போ.”

“ஐயா மன்னிக்கணும்,” என்றார் சூப்பரிண்டெண்ட், “சத்தமா இன்னொரு தடவை. வாசல்ல நிக்கிறவங்களுக்குக் கேக்கணும். இப்போ அவங்கதான ரெக்கார்டு.”

நீதிபதி வாசல் பக்கம் திரும்பி உரக்கச் சொன்னார். கூட்டம் அதை வாங்கி, ஒரு சொல் பிசகாமல், ஒரே குரலில் திருப்பிச் சொன்னது. கதவு திறந்தது. மாடத்தி ஓடிவந்து புருஷனின் தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கி, முதுகில் மடேர் மடேர் என்று அடித்து, “கெளம்புடா, கெளம்பு, இவங்க மனசு மாறதுக்குள்ள கெளம்பு” என்று இழுத்துக்கொண்டு போனாள்.

தெய்வானைக்குச் சந்தோஷம் வரும் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவளுக்கு வந்தது கோபம்தான், இத்தனை மாதமும் சேர்ந்திருந்த மொத்தக் கோபமும், கண்ணீரும் சளியுமாகப் பொத்துக்கொண்டு வந்தது. நீதிபதிக்கு நேராகப் போய் நின்றாள்.

“இவ்வளவுதானா? இதுக்கா ஊர்ப்பட்ட பேனாவெல்லாம் சாகணும்? அன்னைக்கே ஒரு தடவ நிமிந்து பாத்திருக்கக் கூடாதா?”

வாசலில் நின்ற கூட்டம், ரெக்கார்டு என்று தன்னை அழைத்துவிட்டார்கள் அல்லவா, எதைப் பதிய வேண்டும் எதை விட வேண்டும் என்று தெரியாமல், அவள் சொன்னதையும் வாங்கி, ஒரே குரலில் திருப்பிச் சொன்னது: அன்னைக்கே ஒரு தடவ நிமிந்து பாத்திருக்கக் கூடாதா? நீதிபதி காரில் ஏறவில்லை. அந்தக் குரலுக்கு நடுவே, வழிவிட்டு நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, வீடுவரைக்கும் நடந்தே போனார்.